ஆணி செய்தவர் விதை வியாபாரி ஆன கதை: யார் இந்த கிராண்ட் தார்பர்ன்?

‘இந்த வேலையை இனி மெஷினே பார்த்துக்கும்!’ - இன்று ஆபீஸ் கேன்டீன்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. 200 வருடங்களுக்கு முன்பே இதை அனுபவித்தவர் கிராண்ட் தார்பர்ன். தொழில் கைவிட்டுப் போன பிறகு அவர் போட்ட கடைதான், பின்னாளில் அமெரிக்காவின் முக்கிய விதை நிறுவனங்களில் ஒன்றானது.

யார் இவர்?

ஸ்காட்லாந்தின் எடின்பரோ அருகே டல்கீத்தில் 1773-ல் பிறந்தவர். அப்பா ஆணி செய்பவர்; மகனும் அதே தொழிலைக் கற்றார். இரும்பைக் காய்ச்சி, ஒவ்வோர் ஆணியாகச் சுத்தியலால் அடித்துச் செய்த காலம் அது. 1794-ல் பிழைப்பு தேடி நியூயார்க்குக்குக் கப்பல் ஏறினார். அங்கேயும் ஆணிதான் சோறு போட்டது. ஆனால், சில ஆண்டுகளிலேயே ஆணி வெட்டும் இயந்திரங்கள் வந்துவிட்டன. கையால் செய்த ஆணியால் அந்த விலைக்குப் போட்டி போட முடியவில்லை.

பூந்தொட்டி காட்டிய வழி

அடுத்து மளிகைக் கடை வைத்தார். அங்கே பூந்தொட்டிகளும் விற்பனைக்கு இருந்தன. சும்மா விற்காமல், தொட்டிகளுக்குப் பச்சை பெயின்ட் அடித்து வைத்தார். நன்றாகப் போனது. ஒருநாள் சந்தையில் வாசனையுள்ள ஜெரேனியம் செடி ஒன்றை வாங்கிவந்து, பெயின்ட் அடித்த தொட்டியில் வைத்தார். தொட்டியை எடுப்பாகக் காட்டுவதுதான் நோக்கம். வந்தவரோ செடியையும் சேர்த்தே வாங்கிப் போய்விட்டார்! செடி வாங்கியவர்கள் அடுத்து விதை கேட்டார்கள். சந்தையில் விதை விற்றுவந்த ஒருவரின் மொத்தச் சரக்கையும் 15 டாலருக்கு வாங்கினார் தார்பர்ன். பிறகு லண்டனிலிருந்தும் விதைகளை வரவழைத்தார்.

விதையைக் காசு கொடுத்து வாங்குவானேன்?

வீட்டிலேயே விதை எடுத்து வைப்பது வழக்கம்தான். ஆனால் முட்டைக்கோஸ், கேரட் போன்றவை பொதுவாக இரண்டாம் ஆண்டில்தான் பூத்து விதை தரும். சமையலுக்குப் பிடுங்கிவிட்டால் விதை ஏது? போதாக்குறைக்கு, பக்கத்துத் தோட்டத்து மகரந்தம் கலந்தால் ரகமே மாறிவிடும். அதனால் நம்பகமான கடைக்கு எப்போதும் கிராக்கி இருந்தது. 1812-ல் தார்பர்ன் வெளியிட்ட விதைப் பட்டியல், அமெரிக்காவின் ஆரம்பகால விதை கேட்லாக்குகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது.

எல்லாமே வெற்றியா?

இல்லை. விதையை நாமே விளைவித்தால் என்ன என்று நியூஜெர்சியில் நிலத்தில் இறங்கினார். கையைச் சுட்டுக்கொண்டார், கடனாளி ஆனார். திரும்பவும் நியூயார்க் வந்து, கடையிலிருந்தே மறுபடி எழுந்தார். அவருடைய வாழ்க்கையைத் தழுவி, ‘லாரி டாட்’ என்ற நாவலை 1830-ல் எழுதினார் ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஜான் கால்ட். தார்பர்னும் பிற்காலத்தில் அதே பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டு கட்டுரைகள் எழுதினார்.

1863-ல், 89 வயதில் காலமானார். மகன் பெயரில் நடந்த நிறுவனம் 20-ம் நூற்றாண்டு வரை விதை விற்றது. இத்தனைக்கும், கடை போட்ட நாளில் செடி, கொடி பற்றி அவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. வாடிக்கையாளர்கள் என்ன கேட்டார்களோ, அதைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார், அவ்வளவுதான்.