குளத்தில் மூழ்கும் குழந்தைகள்: வங்காள தேசத்துக் கிராமங்களில் கண்ட பரிகாரம்

வங்காள தேசத்துக் கிராமங்களில் வீட்டுக்கு மேடு கட்ட மண்ணெடுத்த பள்ளமே பின்னர் நீர் தேங்கிக் குட்டையாகின்றது. மீனும், பாத்திரம் துலக்கத் தண்ணீரும் தரும் அக்குட்டையே நடை பழகும் சிசுவுக்கு யமனாகவும் அமைகின்றது. அம்மை குத்துதலாலும் பேதிக்குரிய சிகிச்சையாலும் ஏனைய வியாதிகள் குறைந்த பின்னும், 1 முதல் 4 வயதுக் குழந்தைகளின் மரணத்துக்கு நீரில் மூழ்குதல் ஒரு பிரதான காரணமாக நின்றது.

இவ்விபத்துக்கள் நேரும் வேளையை ஆராய்ந்தபொழுது, பெரும்பாலானவை காலை 9 மணிக்கும் பகல் 1 மணிக்கும் இடையே, வீட்டிலிருந்து சில கஜ தூரத்திலேயே சம்பவிப்பது தெரிய வந்தது. அவ்வேளையில் தகப்பன் வயலில் இருப்பான். தாய் சமையலிலும் துவைப்பதிலும் மூழ்கியிருப்பாள். குழந்தைக்குக் காவல், அதனினும் சற்றே பெரிய அக்காள். தாயின் அசிரத்தை என்று பழித்தல் எளிது. அவளுக்கு இரண்டு கைகள் போதவில்லை என்பதே உண்மை.

ஆகவே, அந்த நான்கு மணி நேரத்துக்கு மட்டும் காவல் தேடினர். 2006-ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு திட்டத்தின்படி, அவ்வூர்ப் பெண் ஒருத்தி தன் வீட்டிலேயே ஓர் உதவிப் பெண்ணுடன் சுமார் 25 குழந்தைகளை வாரத்தில் 6 நாட்கள் பார்த்துக்கொள்வாள். இவ்விடத்துக்கு 'ஆஞ்சல்', அதாவது முந்தானை, என்று பெயர். பாட்டும் விளையாட்டும் கை கழுவும் பழக்கமும் உண்டு. அங்கே சேர்ந்த குழந்தைகளுள் மூழ்கி இறப்போர் தொகை நூற்றுக்கு 80-க்கு மேல் குறைந்தது. மரச்சட்டக் கூண்டு கொடுத்துப் பார்த்ததும் உண்டு. ஆனால் அதனால் மட்டும் நிச்சயமான பயன் காணப்படவில்லை. கூண்டினுள் விட்ட குழந்தை அழுதால் தூக்கி வெளியே விடாத தாய் எவள்?

பள்ளிப் பருவத்தினருக்கு, ஊர்க் குளத்திலேயே மூங்கில் மேடை அமைத்து, 25 மீட்டர் நீந்தவும் 30 விநாடி மிதக்கவும் கற்பித்தனர். 2022-இல் அந்நாட்டு அரசாங்கம் 16 ஜில்லாக்களில் 8,000 காவலகங்கள் நடத்தும் திட்டத்துக்கு அநுமதி யளித்தது.

கரையேற்றிய குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றும் வழக்கம் அங்கே இருந்தது. அது அருமையான நிமிஷங்களை வீணாக்குவதே யன்றி வேறில்லை. மூச்சு நின்றிருப்பின், உடனே வாய் வழியே காற்றை ஊதி, மார்பை அழுத்தி, வைத்தியர் வரும் வரை விடாது செய்தல் வேண்டும். இதனையும் ஊரார்க்குப் பழக்கி வருகின்றனர்.