ரிசல்ட் அன்று வட்டம் ஏன் சுற்றுகிறது?

பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் கணியம்பாடியில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு அக்காவோ அண்ணனோ செல்போனும் கையுமாக நிற்பார். பதிவெண், பிறந்த தேதி எல்லாம் அடித்தாயிற்று. திரையில் வட்டம் மட்டும் சுற்றுகிறது. "டவர் இல்லை" என்று மாடிக்கு ஓடுவார். பாவம், டவர்மேல் தப்பில்லை.

2025 மே 8, காலை 9 மணிக்கு ரிசல்ட் வந்தது. தேர்வு எழுதியவர்கள் சுமார் 7 லட்சத்து 92 ஆயிரம் பேர். ஒரு கணக்குப் போடுவோமா? ஆளுக்கு ஒரு தடவை, நாள் முழுக்கப் பரவலாகப் பார்த்தால் நொடிக்கு 9 பேர்தான். கேட்டதை எடுத்துக் கொடுக்கும் கணினியான சர்வருக்கு இது விளையாட்டு. எல்லோரும் முதல் பத்தே நிமிடத்தில் வந்தால்? நொடிக்கு 1,320 பேர்! சித்தி, மாமா, டியூஷன் சார் பார்ப்பதையெல்லாம் நான் சேர்க்கவே இல்லை.

சர்வரால் நொடிக்கு 1,000 பேருக்குத்தான் பதில் தர முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 320 பேர் மிச்சம். ஒரே நிமிடத்தில் 19,200 பேர் தேங்கிவிடுவார்கள்.

பொறுமை போய் ரீலோடை அழுத்துகிறோமே, அதுதான் வினை. பழைய கேள்வி பல நேரம் சர்வரிலேயே கிடக்கும். ரேஷன் கடையில் ஒருவரே ஐந்து டோக்கன் வாங்கிய மாதிரி. முதல் டோக்கனுக்கு அரிசியை அளந்து வைத்துக் கூப்பிட்டால், ஆள் வரிசையின் கடைசியில் நிற்கிறார். சர்வர் மூச்சு முட்ட உழைக்கும். பதில்தான் யாருக்கும் போய்ச் சேராது.

இதற்காகப் பல சர்வர்களை வைத்து, வருபவர்களை அவற்றுக்குப் பிரித்து அனுப்புவார்கள். அடிக்கடி கேட்கப்படுவதை எட்டும் தூரத்து நினைவகத்தில் எடுத்து வைப்பார்கள். பள்ளியில் கொடுத்த செல்போன் எண்ணுக்கே மதிப்பெண்ணைக் குறுஞ்செய்தியாக அனுப்புவதும் உண்டு. எனக்குப் பிடித்தது இதுதான்: கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிட்டால் கூட்டம் எதற்கு?

கலைகிற கூட்டமும் ஆபத்துதான். 2019 ஜூலை 10, கிரிக்கெட் உலகக் கோப்பை அரையிறுதி. ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 2.53 கோடி பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோனி ரன் அவுட்! ஆட்டத்தை விட்டு வெளியேற 'பேக்' பட்டனை அழுத்தியவர்கள் எல்லோரும் முகப்புப் பக்கத்தில் போய் விழுந்தார்கள். இப்படி நடக்கும் என்று அங்கிருந்த பொறியாளர்கள் முன்பே யோசித்து வைத்திருந்தார்கள். நெரிசல் மிஞ்சினால், 'உங்களுக்குப் பிடித்த படங்கள்' போன்ற உபரி வேலைகளை நிறுத்திவிட்டு வீடியோவை மட்டும் ஓடவிடுவது அவர்கள் ஏற்பாடு.