நேராகப் போகாத கம்பி

ஆவடியிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவரும் வீட்டுக்காரரும் மட்டும் டவுனுக்குப் போய்வருவது பல வருட வழக்கமாம். பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, மின்சார ரயிலில் மூர் மார்க்கெட் வரை ஒரு பயணம். பாரிமுனையில் ஸ்டாரும் குடில் பொம்மைகளும் வாங்குவார்கள். அரண்மனைக்காரத் தெரு அந்தோணியார் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். வேப்பேரியில் பிளம் கேக் வாங்கிக்கொண்டு இருட்டியதும் வீடு திரும்புவார்கள். போன முறை ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் நின்று ரயிலுக்குக் காத்திருந்தபோது வீட்டுக்காரர் கீழே கைகாட்டி, "அந்த கரண்ட் கம்பியைப் பாரேன், கோணல்மாணலா இழுத்துக் கட்டியிருக்காங்க" என்றாராம். "அது வேலை சரியில்லாததாலா, இல்லை வேண்டுமென்றே அப்படிக் கட்டியதா?" என்று கேட்கிறார்.

வேண்டுமென்றேதான். இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று நான் காத்திருந்தேன். ரயிலைப் பற்றிய எல்லா விஷயங்களிலும் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கோணல்தான்.

ஆவடி, அம்பத்தூர் வழியாகச் செல்லும் இந்தப் பாதை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் ரயில் ஓடியது இதன் மேல்தான். சென்னையில் மின்சார ரயில் 1931இலேயே கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையில் வந்துவிட்டது. மேற்குப் பக்கத்துக்கு மின்சாரம் வர 1979-80 ஆயிற்று. 1931இல் தாம்பரம் பாதைக்கு 1,500 வோல்ட் நேர்மின்சாரம். இன்று எல்லாப் பாதைகளிலும் 25,000 வோல்ட் மாறுமின்சாரம். பூந்தமல்லிப் பக்கம் தூண்களின் மேல் அமைந்திருக்கும் மெட்ரோ பாதைக்கும் இதே 25,000தான்.

மின்சாரம் மேலே உள்ள கம்பியில் வந்து, ரயிலின் மோட்டார்களைச் சுழற்றி, தண்டவாளம் வழியே திரும்பிப் போகிறது. இதை விளக்கத் தேவையில்லை. ஓடுகிற வண்டி ஓடாத கம்பியிலிருந்து மின்சாரத்தை எடுப்பது எப்படி என்பதுதான் ரசிக்க வேண்டிய இடம். பெட்டியின் கூரைமேல் முழங்கை மடக்கியதுபோல் ஒரு இரும்புக் கை எழுந்து நிற்கும். அதற்குப் பெயர் பாண்டோகிராஃப். அதன் உச்சியில் குறுக்கே படுத்திருக்கும் பட்டை கம்பியை அடியிலிருந்து தொட்டுக்கொண்டே போகிறது. தொடும் அழுத்தம் ஏறக்குறைய ஏழு கிலோ எடைக்குச் சமம். ஆயிரக்கணக்கான பேரைச் சுமந்து ஓடும் ரயிலுக்கு உயிர் அவ்வளவு மென்மையான தொடுகையில்தான் கிடைக்கிறது. அழுத்தம் கூடினால் கம்பி தேயும். குறைந்தால் தொடர்பு விட்டுப்போய்த் தீப்பொறி பறக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை இரவுகளில் நீலமும் பச்சையுமாக ஒரு மின்னல் கூரைமேல் வெட்டிப்போவதை நீங்கள் பார்த்திருக்கலாம். அந்தப் பச்சை தாமிரத்தின் நிறம்.

இனி அந்தக் கோணலுக்கு வருவோம். கம்பி தண்டவாளத்தின் நட்டநடுவில் நேர்கோடாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் பாண்டோகிராஃபின் பட்டையில் எப்போதும் ஒரே புள்ளிதான் கம்பியில் உரசும். திருமுல்லைவாயலில் நான் வளர்ந்த வீட்டுக் கிணற்றின் கருங்கல் விளிம்பில் கயிறு அறுத்த தடம் விரல் ஆழத்துக்கு இருந்தது. நூல்கயிறு கல்லை அறுக்குமென்றால், தாமிரம் பட்டையை என்ன பாடுபடுத்தும்? சில நாட்களில் பள்ளம் விழும். பள்ளத்தில் கம்பி சிக்கினால் பாண்டோகிராஃபும் பிய்யும், கம்பியும் அறும்.

அதற்காகத்தான் கம்பியை வளைத்து வளைத்துக் கட்டுகிறார்கள். ஒரு கம்பத்தில் அதை நடுக்கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் இடப்பக்கம் தள்ளுகிறார்கள், அடுத்த கம்பத்தில் 20 சென்டிமீட்டர் வலப்பக்கம். கம்பங்களுக்கு இடையே 60 மீட்டர் என்று கொண்டால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயிலில் உரசும் புள்ளி நான்கு விநாடிக்குள் பட்டையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடும். அடுத்த நான்கு விநாடியில் திரும்பிவரும். தேய்மானம் 40 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பரவுகிறது. எந்தப் புள்ளியும் தனியாக அடிபடுவதில்லை. வளைவுகளில் கம்பி வளையாது, கம்பத்துக்குக் கம்பம் நேர்கோடாகத்தான் நிற்கும். அங்கே 30 சென்டிமீட்டர் வரைகூடத் தள்ளிக் கட்டுவதுண்டு.

மேம்பாலத்தில் நின்று கம்பியின் நீளவாக்கில் பார்த்தால் இந்த நெளிவு தெளிவாகத் தெரியும். கம்பங்களிலிருந்து நீளும் கைகளைக் கவனியுங்கள். ஒன்று கம்பியைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்திருக்கும், அடுத்தது எட்டத் தள்ளிப் பிடித்திருக்கும்.

கம்பியும் சாதாரணக் கம்பி இல்லை. ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள கெட்டித் தாமிரம். வெட்டிப் பார்த்தால் முழு வட்டமாக இருக்காது. மேல்பாதியில் இரு பக்கமும் நீளவாக்கில் இரண்டு பள்ளங்கள் ஓடும். மேலே உள்ள தாங்குகம்பியிலிருந்து தொங்கும் சின்னக் கொக்கிகள் அந்தப் பள்ளங்களைக் கவ்விக்கொள்கின்றன. பாண்டோகிராஃப் உரசும் அடிப்பக்கம் எந்த முடிச்சும் தடையும் இல்லாமல் வழுவழுப்பாகக் கிடக்கிறது. பட்டையை இப்போது பெரும்பாலும் கரியில் செய்கிறார்கள். தாமிரத்தைவிட மென்மையான பொருள் அது. இரண்டில் ஒன்று தேய்ந்துதான் ஆக வேண்டுமென்றால், பணிமனையில் எளிதாக மாற்றக்கூடியது தேயட்டும், பல கிலோமீட்டர் நீளத் தாமிரம் பிழைக்கட்டும் என்ற கணக்கு.

அடுத்த முறை கவனிக்க இன்னொன்றும் சொல்கிறேன். சில கம்பங்களில் கப்பி மாட்டி, வட்ட எடைகளை அடுக்கிக் கயிற்றில் தொங்கவிட்டிருப்பார்கள். தாமிரம் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். கம்பியை ஏறக்குறைய 1,500 மீட்டர் துண்டுகளாகப் பிரித்து, நடுவில் அசையாமல் கட்டி, இரு முனைகளிலும் இந்த எடைகளால் இழுத்துப் பிடிக்கிறார்கள். டிசம்பர் விடியற்காலைக்கும் மே மாத உச்சிவெயிலுக்கும் கம்பியின் சூட்டில் 30 டிகிரி வித்தியாசம் என்றால், ஒரு பாதித் துண்டு மட்டும் 38 சென்டிமீட்டர் நீண்டுவிடும். அந்தத் தொய்வை எடைகள் கீழே இறங்கித் தாமாகவே வாங்கிக்கொள்கின்றன. ஒன்றுக்கு மூன்று என்ற கப்பிக் கணக்கில், அவை ஒரு மீட்டருக்கு மேல் இறங்கும். மார்கழிக் காலையில் எடை உயரத்தில் இருக்கும், கத்திரி வெயிலில் தாழ்ந்திருக்கும். மோட்டாரும் இல்லை, ஆளும் இல்லை. கோடையிலும் குளிரிலும் கம்பியின் இழுவிசை அதே ஒரு டன் அளவில் நிற்கிறது.

இவ்வளவு நுணுக்கமாகக் கட்டிய ஒன்றை நாம் நடத்துகிற விதம்தான் எனக்கு வருத்தம். காற்றாடி விடும் பருவத்தில் அறுந்த மாஞ்சா நூல் இந்தக் கம்பிகளில் சுற்றிக்கிடக்கிறது. சென்னையில் மாஞ்சாவுக்குத் தடை இருந்தும் மொட்டைமாடிகளில் அது ஓயவில்லை. பண்டிகை நாளில் குழந்தைக்கு வாங்கித்தரும் வெள்ளி நிறப் பளபள பலூனுக்கு உலோகப் பூச்சு உண்டு. கை நழுவி மேலே போய்க் கம்பியில் பட்டால் மின்சாரம் அதன் வழியே பாயும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் அந்த பலூனை எடை கட்டாமல் விற்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. நம் பிளாட்பாரங்களில் அதைச் சொல்ல ஒரு பலகைகூட என் கண்ணில் பட்டதில்லை. ஸ்டார் கட்டுவதற்கென்று நீண்ட இரும்புக் குழாயையும் அலுமினியக் குழாயையும் வாங்கி, மேம்பாலப் படிகளில் நிமிர்த்திப் பிடித்து ஏறுகிறவர்களைப் பார்த்தாலே எனக்குப் பதறும்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, நின்றிருக்கும் சரக்கு வண்டியின் மேல் ஏறிப் படம் எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள். வீட்டு மின்சாரத்தைப்போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தம் இது. கம்பியைத் தொட வேண்டியதில்லை, மிக அருகே போனாலே காற்றைத் தாண்டிப் பாயும். அந்தக் கம்பியில் வேலை செய்கிறவர்கள்கூட மின்சாரத்தை நிறுத்தியபின், வேலை நடக்கும் இடத்துக்கு இரு பக்கமும் கம்பியை நிலத்தோடு இணைத்த பிறகே கை வைக்கிறார்கள். அதற்கு முன்பு இரண்டு மீட்டர் எல்லைக்குள் எவரும் போகக்கூடாது என்பது அவர்களுக்கு விதி. பயிற்சி பெற்றவர்களுக்கே அவ்வளவு கட்டுப்பாடு.

ஞாயிற்றுக்கிழமை ரயில் குறைவு, திடீரென்று ரத்து என்று கோபப்படுகிறோம். அந்த நேரத்தில்தான் டவர் வேகன் என்ற பராமரிப்பு வண்டியின் மேலே ஏறி ஊழியர்கள் கொக்கிகளைச் சரிபார்க்கிறார்கள், நெளிவை அளக்கிறார்கள், தேய்மானம் பார்க்கிறார்கள். ரத்து செய்வதை முன்கூட்டியே, காரணத்தோடு சொல்ல வேண்டியது ரயில்வேயின் கடமை. காரணம் தெரிந்தபின் பொறுத்துக்கொள்ள வேண்டியது நம் பங்கு.

நம் பகுதிக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு என்று நினைக்கிறேன். மின்சார ரயில்களைப் பழுதுபார்க்கும் பணிமனை அண்ணனூரில் இருக்கிறது. 1955 முதல் பெட்டிகள் செய்யும் ஐ.சி.எஃப். தொழிற்சாலை வில்லிவாக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஒரு ரயில் அருங்காட்சியகமும் உண்டு. ஆனால் ஆவடியிலும் அம்பத்தூரிலும் படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு பாண்டோகிராஃபைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்திருப்பார்கள்? கழற்றிப்போட்ட பழைய பாண்டோகிராஃப் ஒன்றையும், தேய்ந்த கரிப்பட்டை ஒன்றையும், ஒரு சாண் தாமிரக் கம்பியையும் ஒவ்வொரு பெரிய ஸ்டேஷனிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம். பெரிய செலவில்லை. கம்பி ஏன் நெளிகிறது என்று தெரிந்துகொண்ட பிள்ளை அதன்மேல் நூலை வீசாது, வண்டியின் கூரைமேல் ஏறாது. எச்சரிக்கைப் பலகையில் மண்டையோடு வரைவதைவிட இது அதிகம் பலன் தரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.