ஆள் கணக்கும் பேர் கணக்கும்

ஒலிக்குப் பின்னால் – 17

சித்தையன்கோட்டைப் பக்கம் சாமி கும்பிடுக்கு உறுமி மேளம் பேசப் போனால், முதலில் வரும் கேள்வி "எத்தனை ஆள் வேணும்?" என்பதுதான். நாதஸ்வரம், பம்பை, உறுமி என்று எண்ணி, ஆளுக்கு இவ்வளவு, வண்டி வாடகை தனி, சாப்பாடு உங்கள் பொறுப்பு என்று பேச்சு முடியும். அட்வான்ஸை வாங்கிக்கொள்பவர் செட்டுக்காரர். ஃப்ளெக்ஸில் அவருடைய பெயரும் போன் நம்பரும் இருக்கும். உறுமியைத் தோளில் மாட்டியவரின் பெயர் அதில் இருக்காது. மறுவருடமும் அதே ஆளைக் கேட்க நினைப்பவர்கள், "போன தடவை வந்தாரே, நெட்டையா, மீசை வச்சவர்" என்றுதான் அடையாளம் சொல்வார்கள்.

இதே ஆள் கணக்கு கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டூடியோவுக்குள் நுழைந்து, அங்கிருந்து உலகம் சுற்றிய கதை ஒன்று உண்டு. 2007 ஆகஸ்டில் வெளியான 'கலா' என்ற ஆல்பம். அதைச் செய்தவர் எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த மாதங்கி அருள்பிரகாசம். 1975இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போர் துரத்த அகதியாக லண்டன் திரும்பியவர். முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயரான 'அருளர்' என்பதை வைத்தார். அதற்கான ஆரம்பப் பாடல்களை ரோலண்ட் நிறுவனத்தின் எம்.சி. 505 என்ற ஒற்றைப் பெட்டியில், பெரும்பாலும் அறைக்குள் உட்கார்ந்தே உருவாக்கினார். அம்மாவின் பெயரைத் தாங்கிய இரண்டாவது ஆல்பத்துக்கு அறையைவிட்டு வெளியே வரவேண்டியதாயிற்று.

காரணம் விசா. 2006இல் அமெரிக்காவில் தங்கி, அங்குள்ள பெரிய தயாரிப்பாளர்களுடன் வேலை செய்வதுதான் திட்டம். அமெரிக்கா விசா தர மறுத்தது. அவர் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்யத் தொடங்கினார். இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று பட்டியல் நீண்டது. எலக்ட்ரானிக் இசைத் தயாரிப்பாளர் ஸ்விட்ச் பெரும்பாலான பாடல்களில் அவருக்குத் துணை. சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மானுடன் சேர்ந்து இசையமைக்கும் எண்ணம் இருந்தது. அது கைகூடவில்லை. ஆனால் ரஹ்மான் தன்னுடைய ஏ.எம். ஸ்டூடியோவைத் தந்தார், வாசிப்பவர்களின் தொடர்புகளையும் கொடுத்தார். அந்தக் கூடத்தில் ஒரு பெரிய மேளக் குழு உறுமியோடு வந்து வாசித்தது. 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' ஆகிய பாடல்களின் முதுகெலும்பே அந்த வாசிப்புதான்.

எத்தனையோ வாத்தியங்கள் இருக்க உறுமி ஏன் லண்டன் காதுக்கு இவ்வளவு பிடித்தது? இடை சிறுத்த, இரண்டு முகம் உள்ள தோல் வாத்தியம் அது. ஒரு முகத்தை மெல்லிய குச்சியால் அடிப்பார்கள். இன்னொரு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். குச்சி தோலைப் பற்றும், நழுவும், மறுபடி பற்றும். வயலின் வில்லும் தந்தியும் உரசும்போது நடப்பதும் இதே பௌதிகம். கையின் அழுத்தம் கூடக் கூட சுருதி மேலேறி, விட்டதும் சரியும். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் இந்தச் சத்தத்தை உண்டாக்கத்தான் சின்தசைசர்களில் தனியாக ஒரு வசதி வைத்தார்கள். நம் ராஜகம்பளத்தார் தேவராட்டத்துக்கு இதே வாத்தியத்தைத் தேவதுந்துபி என்ற பெயரில் காலங்காலமாக வாசிக்கிறார்கள். மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன தமிழர்களோடு உறுமி மேளமும் போனது. இன்றும் அங்கே தைப்பூசத்துக்கு அது முழங்குகிறது.

ஆனால் உறுமியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோவது லேசான வேலை இல்லை. எலக்ட்ரானிக் இசை கட்டம் போட்ட தாளில் எழுதப்படுகிறது. நிமிடத்துக்கு 120 தட்டு என்று வேகத்தை வைத்தால், நாலு தட்டுள்ள ஒரு சுற்றுக்கு 16 கட்டங்கள், கட்டத்துக்குச் சரியாக 0.125 வினாடி. எந்த அடியும் ஒரு கட்டத்தில் உட்கார வேண்டும். ஊர் மேளத்துக்குக் கட்டம் கிடையாது. சாமியாடிக்கு அருள் ஏற ஏறக் காலம் ஏறும், கூட்டம் நகர்ந்தால் மேளமும் நகரும். இரண்டையும் பொருத்த இரண்டு வழி உண்டு. காதில் ஹெட்போன் மாட்டி 'கிளிக்' சத்தத்துக்கு வாசிக்கச் சொல்லலாம், அல்லது விருப்பம்போல் வாசிக்கவிட்டுப் பிறகு வெட்டி ஒட்டலாம். முதல் வழியில் வாசிப்பின் முறுக்கு தளரும். இரண்டாவதில், நாலு மணிநேர வாசிப்பிலிருந்து நாலு வினாடித் துண்டு ஒன்று எடுக்கப்பட்டு, பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப ஒலிக்கும். தொழிலில் அதற்கு லூப் என்று பெயர்.

பெயர் நழுவுவதும் பெரும்பாலும் அந்த வெட்டும் மேஜையில்தான். பலர் ஒரே கூடத்தில் சேர்ந்து வாசிக்கும்போது ஒருவர் சத்தம் இன்னொருவர் மைக்கில் விழும். பிறகு பிரிக்க முடியாது. குழு முழுவதும் ஒரே சத்தமாக ஃபைலில் சேமிக்கப்படும். ஃபைலுக்கு 'உறுமி 3' என்றோ 'டிரம்ஸ்' என்றோ ஒரு தலைப்பு. ஆறு மாதம் கழித்து வேறொரு நாட்டில் அந்த ஃபைலைத் திறப்பவருக்கு, அதை வாசித்தது யாரென்று தெரிய வழியில்லை.

'கலா'வில் நம் ஊர்ச் சத்தம் வந்த வழி அது மட்டுமில்லை. முதல் பாட்டான 'பாம்பூ பாங்கா'வில் 'தளபதி' படத்துக்காக இளையராஜா போட்ட 'காட்டுக்குயிலு' ஒலிக்கிறது. 'பேர்ட் ஃப்ளூ'வில் 'ஜெயம்' படத்தின் 'திருவிழான்னு வந்தா' பாட்டின் துண்டு இருக்கிறது. 'ஜிம்மி' பாட்டு 'டிஸ்கோ டான்சர்' இந்திப் படத்துக்குப் பப்பி லஹிரி போட்டதன் மறுவடிவம். இவற்றுக்கெல்லாம் இசையமைப்பாளர் யார், படம் எது என்று உடனே சொல்லிவிட முடிகிறது. ஏ.எம். ஸ்டூடியோவில் உறுமி தேய்த்த கைகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடிவதில்லை. விமர்சகர்கள் வாத்தியத்தின் பெயரை ஆசை ஆசையாக எழுதினார்கள். வாசித்தவர் யாரென்ற கேள்வி பெரிய பேச்சாகவே ஆகவில்லை. 2008இல் அதே ஆல்பத்தின் 'பேப்பர் பிளேன்ஸ்' அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 4ஆம் இடம் வரை ஏறியது. 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்திலும் இடம்பெற்று எங்கும் ஒலித்தது.

எம்.ஐ.ஏ.வைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. உறுமியை மேற்கத்திய நடன அரங்குகளுக்கு அவ்வளவு உரக்கக் கொண்டுபோனதில் அவர் பங்கு பெரிது. மேளக்காரரைத் தலைக்கு இவ்வளவு என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். உறுமியும் பறையும் வாசிப்பவர்களில் பெரும்பாலோர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். சேவகம் செய்ய வந்தவருக்குப் பெயர் எதற்கு என்ற பழைய வழக்கம்தான் ஸ்டூடியோவில் 'குழுவினர்' என்ற ஒற்றைச் சொல்லாக மாறி நிற்கிறது. வெளிநாட்டுக்காரர் வந்துதான் அழித்தார் என்று சொல்ல, நாம் எழுதிவைத்த பட்டியல் எங்கே இருக்கிறது?

பெயர் வெறும் மரியாதைக்கு மட்டும் என்று யாராவது சொன்னால், சட்டத்தைக் காட்டலாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் வந்தது. வாசிப்பவருக்கும் உரிமை உண்டு என்று அதில் சேர்க்க 1994 வரை ஆனது. யாரெல்லாம் நிகழ்த்துநர் என்ற பட்டியலில் பாடகர், வாத்தியக்காரர், நடிகர் ஆகியோரோடு வித்தை காட்டுபவரும் பாம்பாட்டியும்கூட இருக்கிறார்கள். வாசிப்பின் மீதான அந்த உரிமை 50 ஆண்டு நீடிக்கும். 2012 திருத்தம், வணிக ரீதியாகப் பயன்படுத்தினால் ராயல்டி பெறும் உரிமையையும், 'வாசித்தது நான்தான்' என்று அடையாளம் கோரும் உரிமையையும் தந்தது. அதே திருத்தத்தில் ஒரு முடிச்சும் உண்டு. சினிமாவில் ஒருவரின் பங்கு தற்செயலானது, டைட்டிலிலும் மற்ற இடங்களிலும் பெயர் போடுவது தொழில் வழக்கம் இல்லை என்றால், ஏறக்குறைய எல்லா உரிமைகளுக்கும் அவர் நிகழ்த்துநராகவே கருதப்படமாட்டார். பெயர் போடும் வழக்கம் இல்லாத இடத்தில் பணத்தின் கதவும் சாத்திக்கொள்கிறது.

பெயர் உள்ளவர்களுக்கே சண்டை வருகிறது. 2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தோஷ் நாராயணன், அறிவு, தீ என்று மூவரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். அப்படியிருந்தும் ஒரு பத்திரிகையின் அட்டையில் அறிவு இல்லை என்று சர்ச்சை கிளம்பியது. மறுவருடம் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமல் பாட்டு அரங்கேறியபோது, யார் எழுதியது, யார் இசையமைத்தது என்று மறுபடி வெடித்தது. 2024இல் சந்தோஷ் நாராயணனே அந்தப் பாட்டிலிருந்து தனக்குப் பணம் எதுவும் வரவில்லை என்றார். கோடிக்கணக்கானோர் பார்த்த பாட்டில், பெயர் உள்ள மூன்றே பேருக்கு நிலை இது. இருபது பேர் கொண்ட மேளக் குழுவின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை.

வேறு வழியிலும் இதைச் செய்யலாம் என்று காட்டியவர்கள் உண்டு. 2018 ஜனவரியில் திரைப்பட இயக்குநர் பா.ரஞ்சித்தின் முன்னெடுப்பில் சென்னையில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு, கானாக்காரர்களையும் பறை, சட்டி வாசிப்பவர்களையும் கிடாருக்குப் பின்னால் நிறுத்தாமல் முன்வரிசைக்குக் கொண்டுவந்தது. நம் திண்டுக்கல்லிலேயே சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக் குழுவில், பறையைத் தொடவே கூடாது என்று சொல்லப்பட்ட பெண்கள் பறை அடிக்கிறார்கள். ஜோ ஷெரினியன் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர் அவர்களைப் பற்றி ஆவணப்படமே எடுத்தார்.

இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் லேப்டாப்பில் பாட்டுச் செய்கிறார்கள். ஆத்தூரிலும் சின்னாளபட்டியிலும் மேளம் வாசிக்கும் இடத்துக்குப் போய் போனிலேயே பதிவு செய்துகொள்ள இன்று ஒன்றும் தடையில்லை. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஃபைலுக்குத் தலைப்பு வைக்கும்போதே வாசித்தவரின் பெயர், ஊர், தேதி மூன்றையும் அதில் எழுதுங்கள். எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று அரைப்பக்கம் தமிழில் எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை அவரிடமே கொடுங்கள். பாட்டை வெளியிடும்போது பங்களித்தவர் பட்டியலில் எல்லாப் பெயரையும் ஏற்றுங்கள். செட்டுக்காரர்களும் அட்வான்ஸ் நோட்டில் ஆள் கணக்குக்குப் பக்கத்தில் பேர் கணக்குக்கும் ஒரு பத்தி போடலாம். ராயல்டி வருமா என்பது பிறகு பார்க்கவேண்டியது. கேட்கப் போகும் நாளில் கையில் காட்ட ஒரு தாள் இருக்கவேண்டும்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு எந்தக் கதவைத் தட்டுவது, ராயல்டி வசூலிக்கும் சங்கங்கள் எப்படி இயங்குகின்றன என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)