மலிவு விலைக் கணினிக்குச் செயலியும் நினைவகமும்

உதிரிப் பாகங்களைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே கணினியைப் பூட்டுவோர் முதலில் முடிவு செய்ய வேண்டியவை செயலியும் நினைவகமும் ஆகும். கட்டளைகளை ஏற்றுக் கணக்கிடும் சில்லு செயலி. அவ்வேளையில் தேவைப்படும் தரவுகளைக் கையருகே வைத்துக்கொடுப்பது நினைவகம். கைபேசியில் நிறுவும் மென்பொருளையும் இப்போது செயலி என்றே அழைக்கிறார்கள். ஆதலால் கடையில் பிராசசர், ரேம் என்று கேட்பதே நல்லது. இரண்டையும் தாங்குவது தாய்ப்பலகை. ஒன்றை மட்டும் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிட்டு மற்றதைப் பிறகு தேடினால், ஒன்றோடொன்று பொருந்தாமல் பணம் வீணாகலாம்.

செயலி: பெயரும் தலைமுறையும்

இன்டெல் செயலிகளில் ஐ3, ஐ5, ஐ7 என்ற பெயர்கள் ஒரே தலைமுறைக்குள் மட்டுமே ஏறுவரிசையைக் காட்டும். பழைய கணினி விற்போர் பலர் "ஐ7" என்று மட்டும் சொல்லித் தலைமுறையைச் சொல்லாமல் விடுவதுண்டு. 2011இல் வெளிவந்த ஐ7-2600, 2022இல் வெளிவந்த ஐ3-12100 ஆகிய இரண்டிலும் நான்கு கோர்கள், எட்டு த்ரெட்கள் உள்ளன. அடிப்படை வேகம் முன்னதற்கு 3.4 கிகாஹெர்ட்ஸ், பின்னதற்கு 3.3. எண்களை மட்டும் பார்த்தால் பழையதே மேல் என்று தோன்றும். ஆனால் புதிய ஐ3 அதனை எளிதில் முந்திவிடும். ஒவ்வொரு துடிப்பிலும் அது முடிக்கும் வேலை அதிகம், தேவைப்படும்போது 4.3 கிகாஹெர்ட்ஸ் வரை வேகம் கூட்டிக்கொள்ளவும் செய்யும். பழைய ஐ7க்கு டிடிஆர்3 நினைவகம்தான் பொருந்தும். விண்டோஸ் 11 ஆதரிக்கும் செயலிகளின் பட்டியலிலும் அது இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. லினக்ஸ் போதும் என்போருக்கு இந்தத் தடை கிடையாது.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் கவனிக்க வேண்டும். ஐ3-12100இல் திரைக்குப் படம் அனுப்பும் வரைகலைப் பகுதி உள்ளேயே உண்டு. ஐ3-12100எஃப் செயலியில் இல்லை. விலை சற்றுக் குறைவு என்று எஃப் வகையை வாங்கியவர், எல்லாவற்றையும் பூட்டி முடித்த பின் இருண்ட திரையைத்தான் பார்ப்பார். அதற்குத் தனி வரைகலை அட்டை வாங்க வேண்டும். மலிவு விலைக் கணினிக்கு அது பெருஞ்செலவு. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600, 5600ஜி இரண்டிலும் ஆறு கோர்கள் இருந்தாலும், வரைகலைப் பகுதி 5600ஜியில் மட்டுமே உண்டு.

நினைவகம்: வகையும் அளவும்

ஏஎம்4 தாய்ப்பலகைகள் டிடிஆர்4 நினைவகத்தையும், ஏஎம்5 பலகைகள் டிடிஆர்5 நினைவகத்தையும் மட்டுமே ஏற்கும். இன்டெலின் 12ஆம் தலைமுறைச் செயலிகள் இரண்டோடும் இயங்கும். ஆனாலும் பலகையில் எந்த வகைக்கு இடம் தந்திருக்கிறார்களோ அதையே வாங்க வேண்டும். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் தொடுமுனைகள் 288தான். நடுவிலுள்ள வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும். அட்டை இறங்க மறுத்தால் அழுத்திப் பார்க்கக் கூடாது.

விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் கூறும் குறைந்தபட்ச அளவு 4 ஜிபி. அது கணினி இயங்குவதற்கான அளவே தவிர, வேலை செய்வதற்கானது அன்று. இணைய வகுப்பு, உலாவியில் நாலைந்து பக்கங்கள் என்று திறந்தாலே அது நிரம்பிவிடும். படிப்புக்கு 8 ஜிபி வேண்டும். காணொளித் தொகுப்பு, விளையாட்டு என்றால் 16 ஜிபி.

மொத்த அளவு ஒன்றாகவே இருந்தாலும் அதை எத்தனை அட்டையாக வாங்குவது என்பதும் முக்கியம். டிடிஆர்4 3200 வகை அட்டை ஒன்று நொடிக்கு 320 கோடி முறை, முறைக்கு 8 பைட் வீதம், அதாவது நொடிக்கு 25.6 ஜிபி வரை தரவை அனுப்ப வல்லது. இரண்டு அட்டைகளை இரண்டு தடங்களில் பொருத்தினால் இது 51.2 ஜிபி ஆகும். 5600ஜியின் வரைகலைப் பகுதிக்குத் தனி நினைவகம் இல்லை. கணினியின் ரேமையே அதுவும் பங்கிட்டுக்கொள்கிறது. ஆகவே விளையாட்டுகளில் ஒற்றை 16 ஜிபியை விட இரண்டு 8 ஜிபி அட்டைகள் தெளிவாகவே மேலானவை. தட்டச்சு, பாடம் பார்த்தல் போன்றவற்றில் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.

இங்கேதான் சிக்கனம் பார்ப்பவருக்குக் குழப்பம் வரும். மலிவான பலகைகள் பலவற்றில் ரேமுக்கு இரண்டு இடங்களே உண்டு. இரண்டு 4 ஜிபி அட்டைகளால் அவற்றை நிரப்பினால், பிறகு கூட்ட நினைக்கும்போது பழையதைக் கழற்றிப் போட வேண்டியதுதான். படிப்புக்கான கணினி என்றால் இப்போது ஒற்றை 8 ஜிபி அட்டையை வாங்கி, பணம் சேர்ந்ததும் அதே வகையில் இன்னொன்றைச் சேர்ப்பதே சரி. ரேமைக் கூட்டுவது ஐந்து நிமிட வேலை. செயலியை மாற்றுவது அப்படியன்று. கையிருப்பு குறைவாக இருந்தால் செயலிக்கே முன்னிடம் தர வேண்டும்.

5600ஜி 2021இல் வந்தது. பி450 பலகைகளோ 2018 முதல் விற்கப்படுபவை. கடையில் நெடுநாள் கிடந்த பலகை என்றால் அதன் பயாஸைப் புதுப்பித்துத் தரும்படி அங்கேயே கேட்டுக்கொள்வது நல்லது; இல்லையேல் அது செயலியை அடையாளம் காணாமல் போகலாம். அட்டையில் 3200 என்று அச்சிட்டிருந்தும் கணினி 2133 அல்லது 2666 என்று காட்டினால், பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கிப் பார்க்க வேண்டும். 8 ஜிபி பொருத்தியும் ஏழு ஜிபிக்குச் சற்று முன்பின்னாகக் காட்டுவது பெரும்பாலும் பழுதன்று. மீதியை வரைகலைப் பகுதி தனக்கென ஒதுக்கிக்கொண்டிருக்கும்.