பச்சை உடம்பும் பச்சைக் குழந்தையும்

திருத்தணியில் ரயிலேறிப் பொன்பாடியைத் தாண்டினால் ஆந்திரா. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆனாலும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லைக் கல்லைப் பார்த்து நடப்பதில்லை. நகரியில் பிறந்தவள் திருத்தணியில் வாழ்க்கைப்படுவாள். திருத்தணிப் பெண் புத்தூருக்கு மருமகளாகப் போவாள். வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது இரண்டு பக்கமும் உண்டு. பிள்ளை பெற்றவள் இங்கே 'பச்சை உடம்புக்காரி', அங்கே 'பச்சி பாலிந்த'. சொல்தான் வேறு, பத்தியமும் பயமும் ஒன்றுதான்.

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. வலி வந்தால் 108-க்குப் போன் போட வேண்டும் என்பது இன்று எல்லா வீட்டுக்கும் தெரியும். ஆனால் குழந்தை வெளியே வந்ததும் வீட்டார் கண் அத்தனையும் குழந்தை மேல் போய்விடுகிறது. பெற்றவளுக்கு ஆபத்து அதிகமாக இருப்பது அதற்குப் பிறகான மணி நேரங்களில்தான்.

முதல் இருபத்து நான்கு மணி நேரம்

நஞ்சு விழுந்ததும் கர்ப்பப்பை சுருங்கிக் கெட்டியாக வேண்டும். தொப்புளுக்குப் பக்கத்தில் கை வைத்துப் பார்த்தால் சின்னத் தேங்காய் போலத் தட்டுப்படும். செவிலியர் அடிக்கடி வந்து வயிற்றை அழுத்திப் பார்ப்பது இதற்காகத்தான். "வலிக்குதும்மா, விட்டுடுங்க" என்று பாட்டிகள் தடுப்பதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து தடுக்காதீர்கள். கர்ப்பப்பை தளர்ந்து கிடந்தால் ரத்தம் நிற்காமல் போகும். அரை லிட்டருக்கு மேல் போவதே அதிக ரத்தப்போக்கு. ஏற்கெனவே ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த இழப்பும் தாங்காது.

கூட இருப்பவர் செய்ய வேண்டியது எளிது. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைந்தால், பெரிய கட்டிகளாக விழுந்தால், மயக்கமாக வருகிறது என்று அவள் சொன்னால் உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள். 'தீட்டு அப்படித்தான் போகும்' என்று காத்திருக்காதீர்கள். சுகப்பிரசவமானாலும் 48 மணி நேரம் மருத்துவமனையில் இருக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நல்ல நேரம் பார்த்து முன்னாலேயே கிளம்ப வேண்டாம். அரசு மருத்துவமனையில் பெற்றவர்களை வீட்டில் கொண்டுபோய் விட 102 வண்டி இலவசமாகவே வரும்.

சேனையும் கழுதைப் பாலும்

குடும்பத்தில் நல்ல குணமுள்ள பெரியவர் கையால் சேனை வைத்தால் அந்தக் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. அந்த ஆசையில் தப்பில்லை. நாக்கில் தடவும் சர்க்கரைத் தண்ணீரும் தேனும்தான் தப்பு. ஒரு வயதுக்கு முன் தேன் கொடுத்தால் நரம்பைத் தாக்கும் நச்சுக் கிருமி குடலில் வளர வாய்ப்புண்டு. தெருவில் கழுதையை ஓட்டிவந்து சங்கில் கறந்து தரும் பாலைக் காய்ச்சுவதும் இல்லை. நோய் தீரும் என்று நம்பி நோயை வாங்குவதாக அது முடியும்.

குழந்தைக்கு முதல் உணவு சீம்பால், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள். மஞ்சளாக, கெட்டியாக, கொஞ்சமாகத்தான் வரும். முதல் நாள் ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் அளவே குழந்தைக்குப் போதும்; 'பால் ஊறலையே' என்று பதறிப் பால் பவுடர் தேட வேண்டாம். குழந்தையின் வாய் அகலத் திறந்து, காம்பு மட்டுமல்லாமல் சுற்றியுள்ள கருவட்டமும் உள்ளே போய், முகவாய் மார்பில் ஒட்டியிருக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் காம்பு புண்ணாகாது. முன்பு சொன்ன குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். முதுகில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனில் தாய் விழித்தே இருக்கிறாள். யாராவது குழந்தையைப் பிடித்துக்கொண்டால் படுத்தபடியே பால் கொடுக்கலாம்.

ஜன்னி என்கிற பழைய பயம்

"பச்சத் தண்ணி குடிச்சா ஜன்னி வந்துடும்." இந்த ஒரு வாக்கியத்தால் எத்தனை பெண்கள் வெயில் காலத்திலும் நாக்கு வறண்டு கிடந்திருக்கிறார்கள்! ஜன்னி பொய்யல்ல, அந்தக் காலத்தில் கண்ணெதிரே பெண்களைக் கொண்டுபோனது. காரணத்தைத்தான் தவறாகப் பிடித்துக்கொண்டோம்.

ஜன்னி என்ற ஒரே பெயரில் இரண்டு நோய்கள் ஒளிந்திருந்தன. ஒன்று கிருமித் தொற்றால் வரும் காய்ச்சலும் பிதற்றலும். 1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவம் பார்ப்பவர்கள் கிருமிநாசினியில் கை கழுவினாலே அந்தச் சாவு வெகுவாகக் குறைவதைக் காட்டினார். இன்னொன்று ரத்த அழுத்தத்தால் வரும் வலிப்பு. கர்ப்பத்தில் அழுத்தம் இல்லாதவளுக்கும் பிரசவத்துக்குப் பின் வரலாம்; ஆறு வாரம் வரை கவனம் தேவை. விடாத தலைவலி, கண்முன் மின்னுவது, பார்வை மங்குவது, மேல்வயிற்று வலி ஆகியவை வலிப்புக்கு முந்திய எச்சரிக்கைகள். தலைவலிக்குப் பற்றுப் போட்டுப் படுக்க வைக்காமல் ரத்த அழுத்தத்தைப் பாருங்கள். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சலோ, ரத்தப்போக்கில் கெட்ட வாடையோ இருந்தால் அன்றைக்கே மருத்துவமனை.

தண்ணீரைக் குறைத்தால் மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, காலில் ரத்தம் உறைதல் என ஒவ்வொன்றாக வரும். பால் கொடுப்பவளுக்குத் தாகம் அதிகம். காய்ச்சி ஆற வைத்த தண்ணீரைக் கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். மெல்ல எழுந்து நடக்க விடுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைக்கால் வலித்தால் எண்ணெய் போட்டு நீவாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

பத்தியம் முழுவதும் தள்ள வேண்டியது அல்ல. பூண்டும் சுறாப்புட்டும் கத்தரிப்பிஞ்சும் அருமையான சாப்பாடு. அவற்றோடு கீரை, பருப்பு, முட்டை, பழம் சேர வேண்டும். மருத்துவமனையில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் ஆறு மாதம் நிறுத்தக் கூடாது.

மூன்றாம் நாளிலிருந்து காரணமில்லாமல் அழுகை வரும். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்தால், 'நான் இருந்து என்ன' என்ற பேச்சு வந்தால், அதைச் சோம்பல், பிடிவாதம் என்று சொல்லாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 104-இல் பேசினால் ஆலோசனை கிடைக்கும்.

குழந்தையின் முதல் வாரம்

எடை கொஞ்சம் குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் மீண்டுவிடும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனைந்தால் பால் போதுகிறது என்று பொருள். தொப்புளில் வசம்புக் கரியும் வேண்டாம், பவுடரும் வேண்டாம். காய்ந்து தானே விழட்டும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதீர்கள்.

மஞ்சள் இரண்டு மூன்று நாளில் முகத்தில் தெரிந்தால் பெரும்பாலும் தானே மறையும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் வந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கினாலோ வெயிலில் காட்டி நாளைக் கடத்தக் கூடாது. நீல விளக்குச் சிகிச்சை தேவைப்படலாம். பால் குடிக்க மறுப்பது, உடம்பு சில்லிடுவது, மூச்சு விடும்போது நெஞ்சுக்கூடு உள்ளே இழுப்பது ஆகியவற்றுக்கு விடியும்வரை காத்திருக்க நேரமில்லை.

எல்லை தாண்டும் அட்டை

பிரசவம் எந்த மாநிலத்தில் என்பதை ஏழாம் மாதத்திலேயே முடிவு செய்து கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். தமிழ்நாட்டின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 14,000 ரூபாய் பணமும் 4,000 ரூபாய் மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் கிடைக்கும். பதிவு குழம்பினால் தவணைகள் சிக்கிக்கொள்ளும். தாய் சேய் நல அட்டை பெண்ணின் பையிலேயே இருக்கட்டும். பீரோவில் வைத்துப் பூட்டினால் ரத்த வகையும் போட்ட ஊசியும் அடுத்த மாநில மருத்துவருக்கு எப்படித் தெரியும்?

மலைக்கு எப்போது?

குழந்தையைத் திருத்தணி மலைமேல் உள்ள முருகன் சன்னதியில் காட்ட வேண்டும் என்ற அவசரம் இந்த ஊரில் எல்லோருக்கும் உண்டு. ஆனால் குழந்தைக்கு நோய் தொற்ற, கிருத்திகைக் கூட்டத்தில் இருமும் ஒருவர் போதும். பிறந்தவுடன் போடும் பிசிஜி, போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை ஊசி எதுவும் கக்குவான் இருமலைத் தடுக்காது. அதற்கான முதல் ஊசி ஒன்றரை மாதத்தில்தான் வருகிறது. அந்த ஆறாவது வாரத்திலேயே தாய்க்கும் ஒரு பரிசோதனை உண்டு. தையல் ஆறியிருக்கிறதா, ரத்தம் ஏறியிருக்கிறதா, அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சிசேரியன் ஆனவள் கோயிலின் 365 படி ஏறலாமா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் மலைப்பாதையில் வண்டி போகும். ஊசி போட்ட அன்று குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கலாம். அது தணிந்த பின், கூட்டம் குறைந்த ஒரு சாதாரண நாள் காலையில் புறப்படுங்கள்.