வானம் பார்த்த பூமியும் சர்க்கார் திட்டங்களும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிப் பக்கம் பிரயாணம் செய்யும் நேயர்களுக்கு நாம் ஒரு வேண்டுகோள் விடுக்கிறோம். சற்று நேரம் தூங்காமல் சாலையின் இரு மருங்கும் பாருங்கள். கரிசல் காடு, நடுவே ஒரு கண்மாய்க் கரை, கரையின் மேலும் கண்மாயின் உள்ளும் சீமைக்கருவேல மரங்கள். எம்.ரெட்டியபட்டியைச் சுற்றிலும் இதே காட்சிதான். குண்டாற்றில் மழைக் காலத்தில் மட்டுமே தண்ணீரைக் காணலாம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வானம் மனம் வைத்தால் பருத்தி உண்டு, சோளம் உண்டு, குதிரைவாலி உண்டு. இல்லையேல் கடன்தான் உண்டு.

2009-ம் ஆண்டில் மாலத்தீவின் மந்திரிகள் கடலுக்கடியில் இறங்கி மந்திரிசபைக் கூட்டம் நடத்தினார்கள். உலகம் வெப்பமடைந்து கடல் உயர்ந்தால் தங்கள் தேசம் மூழ்கிவிடும் என்பதை எல்லோருக்கும் தெரிவிக்கவே அப்படிச் செய்தார்கள். உலகமும் திரும்பிப் பார்த்தது. ஆனால் கரிசல் காட்டுக் குடியானவர் வறண்ட கண்மாய்க்குள் கூட்டம் போட்டால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? மூழ்குகிற தேசத்துக்கு இருக்கும் குரல் காய்கிற கிராமத்துக்கு இல்லை.

வறட்சி இந்தச் சீமைக்குப் புதிதா என்று சிலர் கேட்கக்கூடும். புதிதல்லதான். ஆனால் மழையின் குணம் மாறி வருகிறது. காற்றின் உஷ்ணம் ஒரு டிகிரி உயர்ந்தால் அது ஏறக்குறைய 7 சதவீதம் அதிகமான நீராவியைத் தாங்குகிறது என்று விஞ்ஞானிகள் கூறுகிறார்கள். ஆகையால் பெய்தால் கொட்டித் தீர்க்கிறது; நின்றால் நாட்கணக்கில் நின்றுவிடுகிறது. 2016-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது; 2017 ஜனவரியில் எல்லா ஜில்லாக்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. 2023 டிசம்பரிலோ, தெற்கே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஒரு வருஷத்துச் சம்பவத்தை வைத்துத் தீர்ப்புக் கூறலாகாது. எனினும் இவ்விரண்டு துன்பங்களுக்கும் ஒருங்கே தயாராக இருப்பதே விவேகம்.

சர்க்கார் சும்மா இருந்துவிட்டது என்று நாம் கூற மாட்டோம். 2021-ல் தமிழ்நாடு சர்க்கார் காலநிலை மாற்ற இயக்கத்தை ஏற்படுத்தியது. ஜில்லாக் கலெக்டர்களையே அதற்குப் பொறுப்பாளர்களாக்கியது. 2022-ல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், காடும் மரமும் நிறைந்த பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவோம் என்கிறது. அயலிலுள்ள கமுதியில் 2016-லேயே 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்துவிட்டது. நம்மைச் சுட்டெரிக்கும் வெயில் நாலு வீட்டுக்கு விளக்கேற்றுவது மகிழ்ச்சிக்குரிய விஷயமே.

ஆனால் மரக்கணக்கும் மெகாவாட் கணக்கும் வேறு. கண்மாய்க் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் சுமார் 39,000 கண்மாய்களும் ஏரிகளும் இருக்கின்றன. மேல் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர் வரும். இது நம் முன்னோர் கோத்து வைத்த மாலை. இன்றோ 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறையிடம். அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடம். ஒரே மாலையின் மணிகளை இரண்டு இலாகாக்கள் பங்கிட்டுக் கொண்டால், நடுவிலுள்ள வரத்துக்காலில் முளைத்த சீமைக்கருவேலத்தை யார் வெட்டுவது?

1858-ல் வெள்ளைக்கார சர்க்கார் குடிமராமத்தைச் சட்டத்தினால் கட்டாயமாக்கியது. வரியைத் தான் எடுத்துக்கொண்டு வேலையை ஜனங்களிடம் விட்ட கதை அது. சுதந்திர நாட்டில், 2017-ல், சர்க்கார் தன் பணத்தில் 100 கோடி ரூபாய் ஒதுக்கிக் குடிமராமத்துக்குப் புத்துயிர் கொடுத்தது. 2024-ல் தாசில்தார் அநுமதியுடன் வண்டல் எடுத்துக்கொள்ளவும் வழி பிறந்தது. இவை நல்ல ஆரம்பங்கள். ஆனால் ஒரு கண்மாயை மட்டும் தூர்வாரி, அதன் வரத்துக்காலை விட்டுவிட்டால், பானையைத் துலக்கி வைத்துவிட்டுக் கிணற்றை மறந்த கதையாகும்.

அடுத்தது விதை. புரட்டாசியில் விதைக்கிறார், முதல் மழையில் முளைக்கிறது, பிறகு மழை நின்று பயிர் கருகுகிறது. மறுபடி விதை வாங்கி விதைக்கிறார். 2016-ல் வந்த பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் அறுவடை மகசூலை அளந்து நஷ்டஈடு தருகிறது. இரண்டாம் விதைப்பு ஓரளவு விளைந்துவிட்டால், முதல் விதைப்பில் போன பணம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. விதைக்கவே முடியாமற் போனாலோ, அறிவித்த பகுதியில் முக்கால் பங்கு நிலம் தரிசாகக் கிடந்தால்தான் உதவி. பக்கத்துக் காட்டில் மழை பெய்து தன் காட்டில் பெய்யாதவர் என்ன செய்வார்?

காவிரி-வைகை-குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். மாயனூரிலிருந்து 262 கிலோமீட்டர் வெட்ட வேண்டிய அந்தக் கால்வாயின் கடைசிக் கட்டம்தான் குண்டாறு. அது வரும்போது வரட்டும். அதுவரை மூன்று காரியங்கள் காத்திருக்கலாகாது. கண்மாய்த் தொடர் முழுவதையும் ஒரே பொறுப்பில் வைத்துச் செப்பனிட வேண்டும். மறு விதைப்புக்கு விதையும் உதவியும் தர வேண்டும். ஊருக்கு ஒரு மழைமானி வைக்க வேண்டும். சீமைக்கருவேலத்தை வெட்டும்போது, அதைக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் ஏழைகளுக்கு மாற்று வேலையும் வேண்டும்.

ஆகவே, சர்க்காரின் திட்டங்கள் போதுமா என்று கேட்டால் நமது பதில் இதுதான்: நோக்கம் போதும், கிராமத்துக்கு வந்து சேர்ந்தது போதாது. மறுகால் பாயும் தண்ணீரைப் போல் திட்டமும் கடைசிக் கண்மாய்வரை வந்து சேர வேண்டும். எம்.ரெட்டியபட்டிக் குடியானவர் புரட்டாசியில் வானத்தைப் பார்ப்பதை யாராலும் தடுக்க முடியாது. வானத்தை மட்டுமே பார்க்கும்படி அவரை விட்டுவிடக்கூடாது என்பதே நமது விண்ணப்பம்.